எம்டிஎம் பூனைக்குட்டி முடிவு லோகோ: எது அசல், எது ஒட்டு?

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனமான எம்டிஎம் எண்டர்பிரைசஸ் தொடர்களின் கடைசியில் வரும் பூனைக்குட்டி தொடருக்குத் தொடர் மாறுகிறதே, அவை அசல் வடிவங்களா? என்னிடம் உள்ள ஒரு பதிவில் 'மியாவ்' கீச்சென்று கேட்கிறது. அது தனி வடிவமா?

பதில் 1: அசல்தான். எம்ஜிஎம் திரைப்பட நிறுவனத்தின் சிங்க லோகோவைக் கேலி செய்து வைத்த லோகோ அது. பூனையின் பெயர் மிம்சி. ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸில் போலீஸ் தொப்பி, ரெமிங்டன் ஸ்டீலில் துப்பறிவாளர் தொப்பியும் புகைக்குழாயும், செயின்ட் எல்ஸ்வேரில் அறுவை சிகிச்சை உடை. நியூஹார்ட்டில் படம் மாறாது, குரல் மட்டும் அதன் நாயகன் பாப் நியூஹார்ட்டுடையது. அதனால் ஒலியை அணைத்துவிட்டு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

பதில் 2: கீச்சுக் குரல் தனி வடிவம் இல்லை. பெரும்பாலும் பால் (PAL) முறைப் பிரதிதான், அதாவது ஐரோப்பா போன்ற இடங்களின் நொடிக்கு 25 ஃபிரேம் தொலைக்காட்சி முறைக்கு மாற்றியது. நொடிக்கு 24 ஃபிரேம் ஃபிலிமை 25இல் ஓட்டினால் வேகம் சுமார் 4% கூடும், சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். ஆடியோ மென்பொருளில் வேகத்தை 96%ஆக வையுங்கள். 'சுருதி மாறாமல்' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் அப்படியே நிற்கும். முகப்புப் பாடலும் அதே அளவு இறங்கிச் சரியாக ஒலித்தால் சந்தேகமே வேண்டாம்.

பதில் 3: செயின்ட் எல்ஸ்வேர் கடைசி அத்தியாயத்தை (1988) மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். அதில் பூனை உயிர்காப்புக் கருவிகளோடு கிடக்கும், இதயத்துடிப்புக் கோடு நேராகிவிடும். கொடூரமான நகைச்சுவை! பூனைக்குப் பின் ஃபாக்ஸ் லோகோ வந்தால் அது பிற்கால ஒட்டு. எம்டிஎம் தொடர்களின் தொகுப்பு ஃபாக்ஸ் பக்கம் போனது 1997இல்தான்.