வெட்டிய கறிவேப்பிலை துளிர்க்கவில்லை, யோவான் 15 பற்றி நான் என்ன பேசுவது?

காரிடார் தோட்டம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஒன்பதாவது மாடி. வாசலில் ஏழு தொட்டி வைத்திருக்கிறேன். நடந்துபோக 1.2 மீட்டர் இடம் விட வேண்டும் என்பதால் எல்லாம் சுவரை ஒட்டி ஒரே வரிசை. கற்பூரவல்லி, புதினா, பாண்டான், மஞ்சள், இரண்டு மிளகாய், அப்புறம் கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்கு மட்டும் பதினோரு வயது. மகன் தொடக்கநிலை ஒன்று சேர்ந்த வருடம் தேக்கா சந்தையில் வாங்கினேன், இப்போது அவன் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருக்கிறான்.

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வரும் சனிக்கிழமை பதினைந்து நிமிடம் பேச வேண்டும். பிதா திராட்சைக் கொடியை வெட்டிச் சுத்தம்பண்ணுவதைச் சொல்லும் யோவான் 15-ஐ எடுத்துப் பேசுகிறேன் என்று நவம்பரிலேயே நானாகத்தான் ஒப்புக்கொண்டேன். டிசம்பர் முதல் வாரம் செடியைப் பாதிக்குமேல் வெட்டிவிடுவது, பிப்ரவரிக்குள் புதர் மாதிரி தழைத்துவிடும், தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் வைத்து "பாருங்கள், வெட்டினார், தழைத்தது" என்று காட்டுவது, இதுதான் நான் போட்ட கணக்கு. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வெட்டினேன். கிறிஸ்துமஸ் முழுக்க மழை. மிச்சம் விட்ட இலையும் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. இன்றோடு எட்டு வாரம் ஆகிவிட்டது, வெறும் குச்சிதான் நிற்கிறது.

செடி போனது வருத்தம்தான், ஆனால் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அது இல்லை. "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்ற வசனத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? வேலை போன ஒரு அக்காவிடம் சொன்னேன். என் தங்கை கீமோவில் இருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமும் சொன்னேன். இப்போது இந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம், அவர்களுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று நெஞ்சு அடைக்கிறது. இதில் வீட்டுக்கூட்டத்தில் ஒரு தோழி வேறு, "இதன் மூலமாகக் கர்த்தர் உன்னோடு ஏதோ பேசுகிறார், வீட்டில் என்ன பாவம் இருக்கிறது என்று ஆராய்ந்து பார்" என்று சொல்லிவிட்டார். மகனிடம் சொன்னால் "அம்மா, செடி செடிதான்" என்கிறான்.

செடியில் பாடம் தேடுவது சரியா தப்பா? சனிக்கிழமை நான் என்ன பேசட்டும்?

பாத்தி எண் 14

சகோதரி, முதலில் செடியைப் பார்ப்போம், வசனத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் வெட்டியது தப்பில்லை, வெட்டிய நேரம்தான் தப்பு. டிசம்பர், ஜனவரியில் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும், வெயில் குறைவு. இலையெல்லாம் இருந்தால் செடி தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக வெளியே விடும். இலையை எடுத்துவிட்டால் குடிக்க ஆளில்லாமல் மண்ணிலேயே தண்ணீர் நிற்கும், வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அடியில் தட்டு வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், டெங்கிக் கொசுவுக்கும் அது இடம்.

குச்சியை இன்னும் தூக்கிப் போடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். உள்ளே பச்சையாக இருக்கிற இடம்வரை உயிர் இருக்கிறது. அப்புறம் தொட்டியிலிருந்து மெதுவாக உருவி வேரைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கறுத்து நைந்த வேரை வெட்டிவிட்டு, உறுதியாக இருக்கிற வேரை மட்டும் சின்னத் தொட்டியில், பெருமணல் அதிகம் கலந்த மண்ணில் வையுங்கள். உரம் வேண்டாம், மோரும் வேண்டாம். புதுத் துளிர் வரும்வரை எதுவும் ஊட்டக்கூடாது.

இப்போது வசனம். பூங்காவில் நான் ஒரு பாத்தி வாடகைக்கு எடுத்து மூன்று வருடமாகப் பயிர் வைக்கிறேன், இரண்டரை மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலம். அந்தச் சின்ன இடத்திலேயே வெண்டைக்குச் செய்வதைக் கீரைக்குச் செய்ய முடியாது. இயேசு சொன்னது திராட்சை. அந்த நாட்டில் திராட்சை குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், தூங்கும்போதுதான் வெட்டுவார்கள். போன வருடத்துக் கொடியிலிருந்து கிளம்புகிற புதுத் துளிரில்தான் குலை பிடிக்கும், அதனால்தான் அதை அவ்வளவு கடுமையாக வெட்ட வேண்டியிருக்கிறது. நம் கறிவேப்பிலைக்கு இங்கே தூக்கம் கிடையாது. வருடம் முழுக்க விழித்திருக்கிற செடியைத் திராட்சைபோல வெட்டினோம், அவ்வளவுதான்.

ஏசாயா 28-ன் கடைசிப் பகுதியை இன்று ராத்திரி எடுத்து வாசியுங்கள். நம் தமிழ் வேதத்தில் அங்கே உளுந்தும் சீரகமும் வருகிறது! உளுந்தைக் கோலால் அடிக்க வேண்டும், சீரகத்தை மிலாற்றால், அதாவது சிறு குச்சியால், அடிக்க வேண்டும்; உளுந்தைத் தூலத்தால் போரடிக்கக்கூடாது, சீரகத்தின் மேல் வண்டிச் சக்கரத்தை ஓட்டக்கூடாது. இந்த விவரத்தை உழவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் தேவன் என்கிறார் தீர்க்கதரிசி. எதை எப்போது எவ்வளவு என்று தெரிந்தவர் கையில்தான் கத்தரிக்கோல் இருக்கிறது. நமக்குத் தெரியாது, அதனால்தான் நாம் வெட்டினால் செடி சாகிறது. உங்கள் தங்கைக்கு வந்த நோய்க்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தது நீங்கள், அவர் இல்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதே வார்த்தையை என் மனைவியின் மரணத்தில் என்னிடமும் சொன்னார்கள்.

லூக்கா வாசகி

அண்ணன் செடியைப் பற்றிச் சொன்னது எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வீட்டில் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறவள். ஆனால் அக்கா, உங்கள் தோழி சொன்னதற்கு மட்டும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

லூக்கா 13 திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். மனந்திரும்புங்கள் என்பதை எல்லாரையும் பார்த்துச் சொல்கிறார், செத்தவர்கள் வீட்டில் போய்ப் பாவத்தைத் தேடச் சொல்லவில்லை. அதே மூச்சில், அடுத்த வசனத்தில் என்ன கதை சொல்கிறார்? ஒரு செடியின் கதை! மூன்று வருடமாகக் காய்க்காத அத்திமரம். எஜமான் வெட்டு என்கிறார். தோட்டக்காரன், "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன், கனிகொடுத்தால் சரி" என்று மன்றாடுகிறான். அப்புறம் அந்த மரம் காய்த்ததா இல்லையா? சொல்லவே இல்லை. கதை அங்கேயே நிற்கிறது.

நீங்கள் சனிக்கிழமைக்குத் துளிர்த்த செடியோடு போக வேண்டும் என்று நினைத்தீர்கள். இயேசுவே முடிவைச் சொல்லாமல் விட்ட இடத்தில் உங்களுக்கு ஏன் முடிவு வேண்டும்?

நகோமி எஸ்

எல்லாரும் தோழியைத் திட்டுகிறோம், ஆனால் கர்த்தர் செடியைக் கொண்டு பேசியதே இல்லையா? யோனா தீர்க்கதரிசிக்கு நிழலுக்காக ஆமணக்கு முளைத்தது, பூச்சி அரித்தது, காய்ந்தது. அதெல்லாம் தேவன் கட்டளையிட்டது என்று எழுதியிருக்கிறதே.

லூக்கா வாசகி

சரிதான், பேசினார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் என்ன பேசினார் என்று பாருங்கள். நீ நடாத, வளர்க்காத ஒரு ஆமணக்குக்காக இவ்வளவு பரிதபிக்கிறாயே, இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனுஷர் இருக்கிற நினிவே பட்டணத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா, அத்தனை மிருகஜீவன்களும் இருக்கிறதே என்றார். செத்த செடியை வைத்து அவர் யோனாவை இரக்கத்துக்குள்தான் இழுத்தார். அக்காவுக்கும் இந்தக் குச்சியைப் பார்த்ததும் தங்கை ஞாபகம் வந்திருக்கிறது. கர்த்தர் பேசுகிறார் என்றால் அதுதான் பேச்சு என்பேன், பாவத்தைத் தேடு என்பது இல்லை.

துவாஸ் தம்பி

வணக்கம் அக்கா. நான் மரம் வெட்டுகிற வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே ஆறு வருடம். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் கிளை குறைக்கும் வேலைக்குத்தான் அதிகம் போவோம். காற்றுமழைக்கு முன்னால் தலைப்பாரத்தைக் குறைக்காவிட்டால் கிளை முறிந்து வண்டிமேல் விழும். அந்த மரமும் இந்த ஊர் இல்லை, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து 1876-ல் இங்கே கொண்டுவந்தார்கள் என்று எங்கள் சூப்பர்வைசர் சொன்னார். மழைக்கு முன்னாலும் சாயங்காலமும் இலையை மூடிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்றே கூப்பிடுகிறார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கிளையை எங்கே வெட்டுவது என்பதுதான். கிளை மரத்தோடு சேர்கிற இடத்தில் கொஞ்சம் தடிப்பாக ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட அறுத்தால் வளையமும் போய்விடும், புண் மூடாது, உள்ளே அழுகும். மரத்துக்கு நம்மைப்போலப் புண் ஆறாது அக்கா. வெட்டுப்பட்ட கட்டை அப்படியே உள்ளே இருக்கும், அதைச் சுற்றி மரம் புதிதாக வளர்ந்து மூடிக்கொள்ளும். நூறு வருடம் கழித்து அறுத்தாலும் அந்த வெட்டு உள்ளே தெரியும்.

இதை முதலில் கேட்டபோது எனக்கு உயிர்த்தெழுந்த ஆண்டவர் கையில் ஆணிக் காயம் இருந்தது ஞாபகம் வந்தது. சந்தேகப்பட்ட தோமாவை விரலை நீட்டிப் பார்க்கச் சொன்னார் இல்லையா. இதைப் பாடம் என்று சொல்லலாமா தெரியாது, எனக்கு வேலை நேரத்தில் மனதில் வந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு லாரியில் திரும்பி வரும்போது யாரோடும் பேசாமல் வந்தேன். என் அப்பா போய் அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஊருக்குப் போக முடியவில்லை.

உங்கள் தங்கை இப்போது நன்றாக இருக்கிறாரா அக்கா? எழுதவே இல்லையே.

மாவு டப்பா

எனக்கு செடி வராது, மாவு வரும். இயேசு சொன்ன உவமையில் மூன்றுபடி மாவில் புளித்த மாவை அடக்கிவைத்த பெண்ணை நினைத்துக்கொள்வேன், முழுவதும் புளிக்கும்வரை அவள் ஒன்றும் செய்யவில்லை. ஏர்கான் ஓடுகிற அறைப் பக்கம் வைத்தால் காலையில் பொங்காது, வெளியே சமையலறையில் வைத்தால் பொங்கும், வித்தியாசம் அவ்வளவுதான். நான் கல்யாணமான புதிதில் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து மூடியைத் திறந்து பார்ப்பேன். அக்கா எட்டு வாரமாகத் தினமும் அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

காரிடார் தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன், ஏசாயா 28-உம் வாசித்தேன். அடியில் தட்டு இருந்தது அண்ணா. காலையில் மகன் முகாமிலிருந்து வந்திருந்தான், அவன்தான் தொட்டியைச் சாய்த்துப் பிடித்தான். வேர் பாதிக்குமேல் கறுப்பு, சாக்கடை வாடை. மிச்சம் கொஞ்சம் உறுதியாக இருந்தது, அதை மட்டும் மணலில் மாற்றி வைத்திருக்கிறேன். பட்டையைச் சுரண்டினேன். மேலே எல்லாம் பழுப்பு. மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் பச்சை தெரிந்தது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று மகனையும் பார்க்கச் சொன்னேன், பச்சைதான் என்றான். பிழைக்குமா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது.

தம்பி, தங்கை நன்றாக இருக்கிறாள், சிகிச்சை முடிந்து நான்கு வருடம். நீங்கள் கேட்ட பிறகுதான் அவளுக்குப் போன் பண்ணினேன். அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வசனத்தைச் சொன்னேனே, உனக்கு எப்படி இருந்தது என்று நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அக்கா, கோபமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், நீ கவனிக்கவில்லை" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அவளே, "ஆனால் அன்றைக்கு நீ பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்தாய், இரண்டு நாளைக்கு அப்புறம் அதுதான் வயிற்றில் தங்கியது" என்றாள். ரசம் கொண்டுபோனது எனக்கு ஞாபகமே இல்லை. கறிவேப்பிலை நிச்சயமாக இந்தச் செடியிலிருந்து பறித்ததாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை குச்சியைத் தொட்டியோடு எடுத்துக்கொண்டு போகிறேன், தங்கையும் வருகிறேன் என்றிருக்கிறாள். லூக்கா 13-ல் அந்தத் தோட்டக்காரன் சொன்னதை வாசித்துவிட்டு, நான் வெட்டியது, தட்டில் தண்ணீர் நின்றது, தங்கையிடம் சொன்னது எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்லப்போகிறேன். தோழியிடமும் பேச வேண்டும், கூட்டத்துக்கு முன்னாலேயே பேசிவிடுகிறேன், அவர் அங்கே உட்கார்ந்து சங்கடப்படக்கூடாது.

துவாஸ் தம்பி, உங்களுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சொல்லுங்கள். ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், வரும்போது அந்த வளையம் எப்படி இருக்கும் என்று கீழே நிற்கிற மரத்தில் எனக்கும் காட்டுங்கள்.