பாலாற்று மனுவில் நம் மணலைக் காணோம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பாலாறு பாழாவதைப் பற்றி நம் ஊர்ச் சங்கம் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப்போகும் மனுவின் வரைவை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. காரணத்தைச் சங்கத் தலைவர் சித்தப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். தொலைபேசியில் ஒரு முறை, பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு முறை. "பார்க்கலாம்பா" என்றார். பார்த்த அடையாளம் வரைவில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்க எழுதுகிறேன். சித்தப்பா கோபித்துக்கொள்வார், அந்தக் கோபம் ஒரு டம்ளர் காபிக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

மனுவில் உள்ள எதையும் நான் மறுக்கவில்லை. தோல் பதனிடும் கழிவு நம் பக்கத்து நிலத்தை என்ன செய்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். வாணியம்பாடிப் பக்கம் என் அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்பார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பாழான விளைநிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்ற கணக்கை எடுத்துக் காட்டியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு பற்றிப் பேச வேண்டியிருந்தது. இவ்வளவும் மனுவில் சரியாக இருக்கிறது. ஆந்திர அரசு 2016-இல் பாலாற்றின் குறுக்கே உள்ள புல்லூர் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியதற்கு அரைப் பக்கம், ஆற்று நீர் பற்றிய 1892-ஆம் ஆண்டு சென்னை-மைசூர் ஒப்பந்தத்துக்கு ஒரு பத்தி. நல்லது.

மணல் என்ற சொல் மட்டும் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அதுவும் "வெளியூர் மணல் கொள்ளையர்" என்று.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை நம் ஊற்றுக்கால் தலைமாட்டை, அதாவது அந்தக் கால்வாய் ஆற்றில் தொடங்கும் இடத்தைப் பார்க்கப் போனேன். சின்னப் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாலாற்றில் மேலே நீர் ஓடுவது ஆண்டில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் அது மணலுக்குள்ளே ஓடும். நம் முன்னோர் ஆற்றுப் படுகையிலேயே ஒரு கால்வாய் வெட்டி, ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் அதைக் கொண்டுபோனார்கள். அதுதான் ஊற்றுக்கால். மணலில் கசியும் நீர் அதில் சேர்ந்து, ஏற்றமும் இல்லாமல் மோட்டாரும் இல்லாமல் கழனிக்கு வந்தது. கோடை தொடங்கும் முன் வீட்டுக்கு ஓர் ஆள் போய்த் தூர் வாருவார்கள். என் தாத்தா கணக்கு வைத்து ஆள் அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கால்வாயின் வாய் படுகையிலிருந்து என் மார்பளவு உயரத்தில் தொங்குகிறது. ஆறு கீழே போய்விட்டது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்ததே, படமெடுத்து அனுப்பினீர்களே, அது வடிந்த பிறகு ஒரு சொட்டுகூட இந்தக் கால்வாய்க்கு வந்திருக்காது. தேக்கி வைக்க மணலும் இல்லாததால் வந்த வெள்ளம் வந்த வேகத்தில் போனது. கீழே தெரிவது களிமண். நடுவே சீமைக் கருவேலம்.

அந்த மணலை எடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமா? இரவில் சுடுகாட்டுப் பாதையில் டிராக்டர் ஓட்டியவர்கள் நம் தெருப் பிள்ளைகள். லாரி வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் சங்கத்துக்கு ஆண்டுதோறும் தாராளமாகக் கொடுக்கின்றன. பெயர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வாங்கிக் கட்டியவர்கள் யார்? வெளிநாட்டுப் பணத்தில் மாடி வீடு எழுப்பிய நாம்தான். 2004-இல் என் வீட்டுக்கு இறங்கிய மணல் எந்த இடத்தில் அள்ளியது என்று நான் கேட்கவில்லை. ரசீது கேட்டதாகவும் நினைவில்லை.

நம் குறையை நாமே எழுதினால் தோல் முதலாளிகள் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது சித்தப்பாவின் அச்சம். நாம் மறைத்தால் அவர்களுக்குத் தெரியாதா? ஆற்றில் இறங்கி நான்கு படம் எடுத்தால் போதும், "முதலில் உங்கள் டிராக்டரை நிறுத்துங்கள்" என்று மனுவைத் திருப்பித் தந்துவிடுவார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாம் மனுவில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். அதை வைத்துக்கொண்டு அடுத்தவரை மட்டும் கேட்க எனக்குக் கூசுகிறது.

போன வாரம் ஒரு தம்பி, நான் எட்டப்பன் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தார். தம்பி, 18 ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிறேன், இனியும் கட்டுவேன். சங்கம் என்னுடையது என்பதால்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

கேட்பது இரண்டு பத்திதான். ஊற்றுக்கால் தலைமாடு இன்று இருக்கும் நிலையும், நம் ஊரார் மணல் எடுத்ததும் முதல் பத்தி. தெருச் சாக்கடை நேரே ஆற்றில் விழுவதை நிறுத்த ஊராட்சியோடு சேர்ந்து சங்கமும் பணம் போடும் என்பது இரண்டாவது. என் பங்காக, அன்று வாங்கிய மணலுக்கு இன்று என்ன விலையோ அதைத் தருகிறேன். வரைவை இணைத்திருக்கிறேன். மொழி கரடுமுரடாக இருந்தால் திருத்துங்கள், செய்தியை வெட்டாதீர்கள். இவை சேராவிட்டால் மனுவில் என் பெயர் வேண்டாம்.

ஊற்றுக்காலின் பழைய அளவு யாரிடமாவது இருக்கிறதா? தாத்தாவின் கணக்கு நோட்டில் ஆள் கணக்குதான் இருக்கிறது, ஆழம் இல்லை. மேலத்தெரு மணியக்காரர் வீட்டுப் பரணில் பழைய வரைபடம் ஒன்று இருந்ததாக அம்மா சொல்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஊருக்குப் போனால் ஏறிப் பார்க்கவும்.

அன்புடன்,
கிழக்குத் தெரு, இப்போது மஸ்கட்