பிசிஐ பட்டியலில் ஒரே கார்டு நான்கு இடத்தில், அப்புறம் நெட்வொர்க் போய்விடுகிறது: உதவி தேவை

எடைமேடைத் தம்பி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய பென்டியம், இன்டெல் 430விஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டு, டாஸ் இயங்குதளம். குலை லோரியின் எடை ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்) நெட்வொர்க் கார்டு வழியாக ஆபீசுக்குப் போகும். கார்டு என்இ2000 வகை, போர்ட் முகவரி ஹெக்ஸ் (16 அடிமான எண்) 300.

பிசிஐ (ஐஎஸ்ஏ-வுக்குப் பின் வந்த வகை) ஸ்லாட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க டர்போ சி-யில் ஒரு நிரல் எழுதினேன். சிஎஃப்8 போர்ட்டில் எஃப்0 என்று ஒரு பைட் எழுதிவிட்டு, சி000 முதல் சிஎஃப்எஃப்எஃப் வரை படிக்கிறது. 3, 7, 11, 15 ஆகிய இடங்களில் சாதனம் காட்டுகிறது, நான்கிலும் ஒரே வென்டர் எண் (தயாரிப்பாளர் அடையாளம்). திரை கார்டைக் காணோம். நிரல் முடிந்தால் நெட்வொர்க்கும் செத்துவிடுகிறது. வெளியே லோரிகள் ஹாரன் அடிக்கின்றன.

லூனாஸ்காரன்:
முகவரி மோதல் மாதிரி இருக்கு. கார்டை 320-க்கு மாற்றிப் பாருங்கள் தம்பி.

எடைமேடைத் தம்பி:
மாற்றினேன் அண்ணா. பேய்ச் சாதனங்கள் போய்விட்டன. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் 256 பைட்டையும் படித்தால் நெட்வொர்க் பழையபடி விழுகிறது.

பழைய இரும்பு:
அந்த வென்டர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 22 தானே? அது வென்டர் எண்ணே இல்லை தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் என்இ2000-இன் கமாண்ட் ரெஜிஸ்டர் (கார்டு கட்டளை வாங்கும் இடம்).

பிசிஐ சாதனங்களின் கான்ஃபிகரேஷனை (அடையாளம், அமைப்பு விவரம்) படிக்க இரண்டு முறைகள் உண்டு. நீங்கள் எழுதியது இரண்டாவது முறை. உங்கள் போர்டுக்கு அது தெரியாது, முதல் முறை மட்டும்தான். அதனால் 3-வது இடத்துக்கான சி300-ஐப் படிப்பது கான்ஃபிகரேஷன் ஆகாமல், சாதாரண போர்ட் படிப்பாக ஐஎஸ்ஏ பக்கம் இறங்குகிறது. பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் பல முகவரியில் கீழ் 10 பிட்டை மட்டுமே பார்க்கும். அவற்றுக்கு சி300, சி700, சிபி00, சிஎஃப்00 எல்லாமே 300. அதுதான் நான்கு நான்காகத் தள்ளி வருகிறது.

இதில் மோசமானது வேறு. அந்தக் கார்டில் அடி முகவரிக்கு மேல் 18 முதல் 1எஃப் வரை ரீசெட் போர்ட். படித்தாலே கார்டு ரீசெட் ஆகும். 320-க்கு மாற்றியபோது அது 338-க்கு நகர்ந்தது, அவ்வளவுதான். ரெஜிஸ்டர் 38 வரை படித்தால் மறுபடி விழும். லூனாஸ்காரர் சொன்னது தப்பில்லை, இடம் மாறியதே தவிர வேர் போகவில்லை.

முதல் முறைக்கு சிஎஃப்8-இல் 32 பிட்டை ஒரே வீச்சில் எழுதி, சிஎஃப்சி-யில் படிக்க வேண்டும். டர்போ சி-யின் அவுட்போர்ட் 16 பிட்தான், துண்டு துண்டாக எழுதினால் போர்டு ஏற்காது. பைட் பைட்டாக முயலவே வேண்டாம், சிஎஃப்9 உங்கள் போர்டில் ரீசெட் கட்டுப்பாடு. பேசாமல் பயாஸிடமே (போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) கேளுங்கள்: இன்டரப்ட் 1ஏ-வை அழைத்து, சிபியுவின் ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் பி101 கொடுத்தால் எந்த முறை என்று ஏஎல்-இல் சொல்லும். பி109 ஒரு வேர்ட் படித்துத் தரும்.

எடைமேடைத் தம்பி:
பி109 வேலை செய்கிறது அண்ணா! 0-வது இடத்தில் 8086, 7030, அது இன்டெல் 430விஎக்ஸ். இன்னொரு இடத்தில் 5333, அதுதான் எஸ்3 திரை கார்டு. நெட்வொர்க் விழவில்லை. கார்டை 320-லேயே விடலாமா?

பழைய இரும்பு:
விடலாம்லா. டிரைவர் அமைப்பிலும் 320 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.