செயலாளர் மடல் 2009-இல் கிடக்கிறது

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

கோயில் கொடை வரி பற்றி ஊரிலிருந்து செயலாளர் அனுப்பிய மடல் வரவே இல்லை என்று செம்பூர் அண்ணாச்சி போனில் சத்தம் போட்டார். வேலை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மடல் வந்திருக்கிறது. 2009 ஜனவரி 1 என்ற தேதியோடு பட்டியலின் அடிமட்டத்தில் கிடக்கிறது.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. மடலில் தேதி போடுவது பெரும்பாலும் அனுப்புகிறவருடைய கம்ப்யூட்டர். மடல் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் மடலைத் திறந்து கண்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினேன். 'டேட்' வரியில் 2009. அதற்கு மேலே 'ரிசீவ்ட்' வரிகள், வழியில் ஒவ்வொரு சர்வரும் குத்திய தபால் முத்திரை மாதிரி. கீழிருந்து மேலே படிக்கணும். அத்தனையும் முந்தாநாள் தேதி.

ஊருக்குப் போன் போட்டேன். செயலாளர் தினமும் ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவாராம். கரண்ட் இல்லாதபோது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டது, காலையில் கடிகாரம் பழைய வருஷத்தில் எழுந்திருக்கிறது. தேதி தப்பானதால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கைகூட வந்ததாம். படிக்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்! பேட்டரியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே போன மடலின் தேதி மாறாது.

துபாய்த் தம்பியின் பதில் நம் கேள்விக்கு முன்னாலேயே நிற்பது வேறு சங்கதி. லேப்டாப்பில் நேர மண்டலத்தை இந்தியாவிலேயே விட்டுவிட்டு, முள்ளை மட்டும் ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறார். துபாய்க் காலை 8.30-ஐ அது இந்திய 8.30, அதாவது துபாய் 7 மணி, என்று எழுதி அனுப்புகிறது. தம்பி, மண்டலத்தைத் துபாய்க்கு மாற்றிவிட்டு, முள்ளையும் சரியான துபாய் நேரத்துக்கு வையுங்கள்.

1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டினால், பெரும்பாலும் அந்த மடலில் தேதியே இல்லை, அல்லது படிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் நேரத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும் கணம் அது. கிரீன்விச்சில் நள்ளிரவு, நமக்கு ஐந்தரை.

யார் தேதி எப்படி இருந்தாலும் தப்பிக்க ஒரு வழி: தண்டர்பேர்டில் மடல்களை அட்டவணையாக வைத்து, தலைப்பு வரிசையின் ஓரத்து ஐகானில் 'ரிசீவ்ட்' நிரலைச் சேர்த்து, அதன்படி அடுக்குங்கள். அண்ணாச்சிக்கு அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன், காபியும் கிடைத்தது.

செயலாளர் மடலைக் கீழே மறுபடி ஒட்டியிருக்கிறேன். வரி பாக்கிக்காரர்கள் இனி 2009-ஐச் சாக்கு சொல்ல முடியாது.

உங்கள் மாட்டுங்கா தம்பி