வெள்ளிக்கிழமை ஆபரேஷன், இன்றைக்கு மூக்கொழுகல்: டாக்டரிடம் சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா?

திண்டுக்கல்_அம்மா (ஞாயிறு, இரவு 10.20)
பையனுக்கு ஐந்து வயது. டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளர்ந்து அடைக்கும் சதை) இரண்டையும் எடுக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு மதுரையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி வாயைப் பிளந்துகொண்டுதான் தூங்குவான், குறட்டை வேறு, நடுவில் மூச்சு நின்றாற்போல் இருந்து திடுக்கென்று எழுந்து உட்காருவான். இரண்டு மாதம் அலைந்து வாங்கிய தேதி, காப்பீட்டு அனுமதியும் வந்துவிட்டது, வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து நான்கு நாள் லீவு போட்டு வருகிறார். இன்று காலையிலிருந்து தண்ணீர் மாதிரி மூக்கொழுகுகிறது, இரண்டு தும்மல், சாயங்காலம் லேசாக இருமல். காய்ச்சல் இல்லை, ஓடி ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். மாமியார், "நீயா போய் வாயைத் திறக்காதே, தள்ளிப் போட்டுடுவாங்க" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்காவது அனுபவம் உண்டா?

நேர்வழி_முருகு (10.41)
உங்கள் மாமியார் உலகம் தெரிந்தவர். என் பெண்ணுக்கு இதே ஆபரேஷன் மூன்று முறை தள்ளிப்போனது, மூன்று முறையும் சளியைச் சொல்லித்தான். அடைப்பு இருப்பதால்தான் சளி, சளி இருப்பதால் ஆபரேஷன் இல்லை, ஆபரேஷன் இல்லாததால் அடைப்பு போகவில்லை. கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்த கொக்கு கதைதான் இது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிக்கும், அதில் சுத்தமான நான்கு வாரத்தை எந்தப் பஞ்சாங்கத்தில் தேடுவது? மூன்றாவது தடவை காலை நான்கு மணிக்குக் கிளம்பி, பிள்ளையைப் பட்டினி போட்டு, பச்சை கவுனும் மாட்டிய பிறகு திருப்பி அனுப்பினார்கள். கார் வாடகை, என் சம்பளம் எல்லாம் யார் தருவார்கள்? பெரிதாக ஒன்றும் இல்லையென்றால் சொல்லாதீர்கள்.

ரசம்_சாதம் (10.58)
நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வையுங்கள், கற்பூரவள்ளிச் சாறு தேனில் குழைத்து மூன்று வேளை. இரவு பாலில் மஞ்சள், மிளகு. வெள்ளிக்கிழமை காலையும் ஒரு மடக்குக் கொடுத்து அனுப்புங்கள், சரியாகிவிடும்.

தியேட்டர்_பச்சை (11.30)
பதினோரு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். முதலில் ரசம்_சாதம் அவர்களுக்கு: வெள்ளிக்கிழமை காலை அதெல்லாம் ஒரு சொட்டுகூட வேண்டாம். பால் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும், ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். ஐந்து வயதுப் பிள்ளையைக் கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிய வைக்கவும் வேண்டாம், கவிழ்ந்து வெந்துபோனால் அது தனி ஆஸ்பத்திரி.

முருகு அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். சளி பிடித்த பிள்ளையின் மூச்சுக்குழாய் தொட்டால் சிணுங்கி மாதிரி. மூக்கொழுகல் நின்ற பிறகும் சில வாரம் அந்தச் சிணுங்கல் உள்ளே இருக்கும். டான்சில் ஆபரேஷனில் மூச்சுக்காக நாங்கள் வைக்கும் குழாய் போவதும் தொண்டை வழியாக, கத்தி வைப்பதும் தொண்டையில், ரத்தம் கசிவதும் அங்கேயே. குழாயை எடுக்கும் நேரத்தில் ஒரு துளி சளி குரல் நாண் மேல் பட்டால் போதும், அது இறுகிப் பூட்டிக்கொள்ளும், காற்று உள்ளே போகாது.

ஒருமுறை பார்த்தேன். மானிட்டரின் பீப் சத்தம் ஆக்ஸிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும், திரையைப் பார்க்காமலே எங்களுக்குத் தெரிந்துவிடும். 98, 90, 81... அந்தச் சத்தம் கீழே இறங்கிக்கொண்டே போகும்போது அறையில் ஒருவரும் பேச மாட்டார்கள். டாக்டர் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தார், நான் ஊசி எடுத்துக் கொடுத்தேன், பிள்ளை தேறிவிட்டது. வெளியே போய்க் கேட்டால் அப்பா சொல்கிறார், "ரெண்டு நாளா சளிதான் சார், சொன்னா தள்ளிடுவீங்கன்னு..."

நேர்வழி_முருகு (11.52)
ஒன்றைக் காட்டி ஊரையே பயமுறுத்துகிறீர்கள். ஒழுகும் மூக்கோடு போய் நல்லபடியாக வந்த பிள்ளைகளை நீங்கள் பார்த்ததே இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

தியேட்டர்_பச்சை (திங்கள், காலை 6.15)
நிறையப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன், நீங்கள் சொல்ல விடவில்லை. தண்ணீர் மூக்கு, காய்ச்சல் இல்லை, நெஞ்சு சுத்தம், பிள்ளை விளையாடுகிறது என்றால் பல டாக்டர்கள் செய்துவிடுவார்கள். 100.4க்கு மேல் காய்ச்சல், மஞ்சள் பச்சையாகச் சளி, கரகரவென்று இருமல், இழுப்பு, சோர்ந்து படுத்துக்கிடப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை தள்ளுவார்கள். சளி என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே நெபுலைசர் வைப்போம், மருந்து இழுத்துத் தயாராக இருக்கும், அனுபவப்பட்ட கையே குழாயை எடுக்கும். தெரியாவிட்டால் ஊசியைத் தேடும் அந்த அரை நிமிடம்தான் எமன்.

காலையில் பச்சை கவுன் மாட்டிய பிறகு திருப்பி அனுப்பியது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதனால்தான் இன்றைக்கே போன் போடச் சொல்கிறேன். அனுமதியை வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்பதற்கும் நாள் இருக்கும்.

குடலிறக்கம்_42 (8.05)
நான் பெரிய ஆள், என் கதை வேறு. முதுகில் ஊசி போட்டுத்தானே செய்கிறார்கள், மயக்கமே இல்லையே என்று இருமலை மறைத்து ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனேன். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. அப்புறம் பத்து நாள், ஒவ்வொரு இருமலுக்கும் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். தையல் தாங்கியது என் அதிர்ஷ்டம்.

மருந்துக்கடை_தம்பி (9.30)
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் "சளிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். பாரசிட்டமால் நல்ல மருந்துதான், ஆனால் காய்ச்சலை மறைத்துவிடும், கொடுத்தால் எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கே கூடாது, போதாததற்கு ரத்தம் உறைவதையும் கெடுக்கும். இருமல் சிரப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2025ல் மத்தியப் பிரதேசத்தில் அத்தனை பிள்ளைகள் இறந்தபோது அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் பக்கத்தில்தான்.

திண்டுக்கல்_அம்மா (புதன், இரவு 9.10)
திங்கட்கிழமை போன் போட்டேன், இன்று கூட்டிவரச் சொன்னார்கள். மயக்க மருந்து டாக்டரம்மா சட்டையைக் கழற்றி முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பையனை ஊதச் சொன்னார், மெழுகுவர்த்தி அணைப்பதுபோல ஊதினான். ஊதி முடியும்போது மெல்லிசாக ஒரு விசில். எனக்கே கேட்டது, வீட்டில் இத்தனை நாள் கேட்கவில்லை. "வீட்டில் யாராவது சிகரெட், பீடி?" என்றார். மாமனார் திண்ணையில் உட்கார்ந்து பிடிப்பார் என்றேன். மாமியார் பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள். இழுப்புக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், திண்ணையில் புகை கூடாதாம்.

நேர்வழி_முருகு (9.24)
சொன்னேனா இல்லையா. ஒன்றாவது தள்ளல். இன்னும் இரண்டு பாக்கி.

தியேட்டர்_பச்சை (9.31)
அண்ணே, விசில் கேட்டிருக்கிறது என்கிறார். அதோடு உள்ளே போயிருந்தால்?

நேர்வழி_முருகு (9.40)
விசிலுக்குத் தள்ளியது சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி மூக்கொழுகினால் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி. ஒழுகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்_அம்மா (9.52)
அதையும் கேட்டேன் அண்ணா. அடினாய்டுப் பிள்ளைக்கு மூக்கு காயவே காயாது, நெஞ்சு சுத்தமாக இருந்து காய்ச்சல் இல்லையென்றால் வெறும் மூக்கொழுகலுக்குத் தள்ள மாட்டோம், கூட்டி வாங்க என்றார்.

நேர்வழி_முருகு (9.55)
அதைச் சீட்டில் எழுதி வாங்கினீர்களா? அன்றைக்கு வேறு டாக்டர் இருப்பார்.

திண்டுக்கல்_அம்மா (9.58)
ஐயோ, இல்லையே. நாளைக்குப் போன் போடுகிறேன்.