வளவு மழைக்குப் பால் கலக்கணுமா?

மேல்மாடி கட்டர்:
விளம்பரப் படம் எடுக்கிறது எப்படின்னு ஒருத்தர் ஊருக்கே பாடம் நடத்திக்கிட்டிருக்கார். காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீடு (நடுவுல திறந்த முற்றம் வச்ச செட்டிநாட்டு வீடு), காபித்தூள் விளம்பரம், முற்றத்துல மழை கொட்டணும். அதுக்கு அவர் சொல்ற வழி: "12,000 லிட்டர் தண்ணி லாரிக்கு 100 லிட்டர் பால் ஊத்து. இல்லேன்னா கேமராவுக்கு மழை தெரியாது." இதுக்கு லைக் வேற குவியுது. மழை பேக்லைட்டுல, அதாவது பின்னாடியிருந்து அடிக்கிற வெளிச்சத்துல தெரியும்யா. பாலுல இல்ல.

சாரங்கட்டி:
பால் ஊத்துறது அந்தக் காலத்துப் பெரிய கேமராமேன்கள் காலத்துலேருந்து இருக்கு. அவங்கல்லாம் விவரம் கெட்டவங்க, நீங்க மட்டும் விவரம். சரி.

மேல்மாடி கட்டர்:
விவரம் யாருக்குன்னு கணக்கே சொல்லும். 12,000-க்கு 100-ன்னா நூத்துக்கு ஒரு பங்குகூட வரல. அண்டாவுல பாத்தா கலங்கலாத்தான் இருக்கும், ஏன்னா பார்வை ஒரு முழம் தண்ணிக்குள்ள போகுது. மழைத்துளி 2 மில்லிமீட்டர். அந்தத் தடிமன்ல இந்தப் பால் எங்கேருந்து வெள்ளை காட்டும்? துளி தன் பின்னாடி இருக்கிற வெளிச்சத்தை வளைச்சு லென்ஸ் பக்கம் அனுப்புது, அதான் மினுக்குது. லைட்டை மழைக்குப் பின்னாடி, உயரத்துல, கொஞ்சம் பக்கவாட்டா வை. அதுக்கும் பின்னாடி இருட்டு இருக்கணும். பர்மாத் தேக்குத் தூணும் அதுக்குப் பின்னால உள்கட்டு இருட்டும் சும்மாவே கிடைக்குது. அதை விட்டுட்டு சுண்ணாம்புச் சுவரைப் பின்னணியா வச்சுட்டு மழையைக் காணோம்னு தேடுறாங்க. வெள்ளைச் சுவருக்கு முன்னாடி வெள்ளைத் தண்ணியா?

பொறுமைசாலி:
"தெரியுது"ன்னா துளித்துளியாவா, கோடு கோடாவா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசுனா நல்லது.

சாரங்கட்டி:
பால் கலந்தா கோடும் தெரியும், துளியும் தெரியும்.

மேல்மாடி கட்டர்:
தெரியாது. கோடா துளியாங்கிறது ஷட்டர் சமாச்சாரம். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் திறப்பு 180 டிகிரின்னா ஒரு ஃபிரேம் நொடியில 50-ல ஒரு பங்கு திறந்திருக்கும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்துல விழுற துளி அதுக்குள்ள 12 சென்டிமீட்டர் இறங்கிடும், நீளக் கோடு. 45 டிகிரிக்குக் கொண்டு வந்தா 3 சென்டிமீட்டர். ஆனா ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் போயிடும், கால் பங்குதான் மிஞ்சும்; ஹெச்எம்ஐங்கிற ஷூட்டிங் லைட்டுல பெருசு கேட்கும். அந்த வாடகையைக் கொடுக்க மனசு வராத ஆளுங்க கட்டிவிட்ட கதைதான் பால்.

ஜெனரேட்டர் வேன்:
லைட் பெருசு பெருசுன்னு சொல்றவர் ஒண்ணு கவனிக்கணும். ஹெச்எம்ஐ முன்கண்ணாடி கொதிக்கிற சூட்டுல இருக்கும், சாரல் பட்டா டப்புனு போகும். மேல தகரத் தொப்பி போடணும். லைட்டுக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற பலாஸ்ட் பெட்டி மரப்பலகை மேல, கேபிள் ஜாயின்ட் தரையில படாம ஸ்டூல் மேல, கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற 30 மில்லியாம்ப் ட்ரிப்பர் கட்டாயம். இதையெல்லாம் யாரும் பேச மாட்டீங்க. பால், பால், பால்.

கானாடுகாத்தான் பேரன்:
வீட்டுக்காரங்க பக்கம் ஒரு வார்த்தை. அடியில கிடக்கிறது ஆத்தங்குடிக் கல். சூளையில சுட்டது இல்ல. கண்ணாடி மேல வண்ணச் சிமென்ட் ஊத்தி, தண்ணியில ஊற வச்சு எடுக்கிறது. ஈரத்தைக் குடிக்கிற கல்லு அது. பால் இடுக்குல தங்கிப் புளிச்சா லாக்டிக் அமிலம், சிமென்டுல இருக்கிற சுண்ணாம்பை அரிக்கும். பால் பதப்படுத்துற இடத்துத் தரைக்குத் தனிப் பூச்சு போடுறதே அதுக்குத்தான். ஆச்சிமார் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்ச தரை, யூனிட் போன மறுநாள் வாடை அடிக்கும்.

சாரங்கட்டி:
ஒரே நாள்ல புளிச்சுடுமாக்கும். பேரன் அண்ணே, வீட்டை ஷூட்டிங்குக்கு விடும்போது நாள் வாடகை எண்ணுற கை நடுங்குறதில்ல, தரைக்கு மட்டும் நடுங்குதா?

கானாடுகாத்தான் பேரன்:
வைகாசி வெயில்ல மத்தியானம் வெளிய வச்ச பால் சாயங்காலம் என்ன ஆகும்னு உங்க வீட்டுல கேளுங்க தம்பி. வாடகைப் பேச்சு இங்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் மழை:
எல்லாத்தையும் விடுங்க. வறண்டு கிடக்கிற சீமையில 12,000 லிட்டரைக் கொட்டுறதுக்கு பதிலா கிராபிக்ஸ்ல போட்டுக்கலாமே.

மேல்மாடி கட்டர்:
போடலாம். தாழ்வார ஓட்டு நுனியில சொட்டுற தண்ணி, கல்லுல தெறிக்கிற பூ, வாசற்படியில நனைஞ்ச சேலை, இத்தனைக்கும் தனித்தனியா செலவு பண்ணு. நிமிஷத்துக்கு 400 லிட்டர் தள்ளுற பம்புன்னா ஒரு லாரி 30 நிமிஷம் ஓடும், டேக் 40 நொடிதான். முற்றத்துத் தண்ணி வெளியேறுற தூம்புல வடிகட்டப் பாய் வலை கட்டி, வெளியே தொட்டியில பிடிச்சுத் திருப்பி ஏத்து. சுத்தத் தண்ணின்னா இது முடியும். பால் தண்ணியைச் சுத்த விட்டா நுரை கட்டும், கொழுப்பும் மணலும் சேர்ந்து ஸ்பிரிங்ளர் கண்ணை அடைக்கும்.

ஸ்பிரிங்ளரை வானத்தைப் பாக்க வைக்கணும், தண்ணி மேல போய்த் தானா விழணும். கீழ பாக்க வச்சா தோட்டத்துக்குப் பாய்ச்சுற மாதிரிதான் இருக்கும். நாட்டு ஓட்டு மேல கால் வைக்காம வெளியிலேருந்து சவுக்குச் சாரம். ஓட்டு நுனிக்குத் தனிக் குழாய், 3 இன்ச்சுக்கு ஒரு துளை. ஒரு முனையில மட்டும் தண்ணி விட்டா அந்தக் கோடி அழுவும், இந்தக் கோடி பீறிடும்; ரெண்டு முனையிலயும் கொடு.

சாரங்கட்டி:
சாரம் கட்டுறதைப் பத்தி எனக்கே பாடமா? காபி ஆவிக்கு சாம்பிராணிப் புகை போதும்னு போன மாசம் சாதிச்சவர்தானே நீங்க?

மேல்மாடி கட்டர்:
அதைச் சொன்னது நான் இல்ல, ஜெனரேட்டர் வேன். நான் சொன்னது துணி ஸ்டீமர் குழாயை டம்ளருக்குப் பின்னாடி மறைக்கிறது. வெயில்ல உண்மையான காபி ஆவி எழும்பின உடனே கரைஞ்சுடும். சாம்பிராணி நீலமா நெளியும், ஆவின்னு யாரும் நம்ப மாட்டான்.

ஜெனரேட்டர் வேன்:
நான் சாம்பிராணின்னு சொன்னது தூரத்து ஷாட்டுக்கு. பாதியை வெட்டிட்டுப் பேசாதீங்க. க்ளோசப்புக்கு யார் சொன்னா?

பொறுமைசாலி:
துளியா, கோடா?

சாரங்கட்டி:
பெரியவங்க பால் ஊத்துனாங்க, மழை தெரிஞ்சுது. அவ்வளவுதான்.

மேல்மாடி கட்டர்:
பால் ஊத்துன அன்னைக்குப் பேக்லைட்டை அணைச்சா வச்சிருந்தாங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.

சாரங்கட்டி:
பேக்லைட் இருந்தா என்ன, பாலும் இருந்துச்சுல்ல?

கானாடுகாத்தான் பேரன்:
யாரோ பால் ஊத்துங்க, ஊத்தாம போங்க. தூம்புல பாய் வலை கட்டலாம்னு எந்த வீட்டுக்காரரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? திடீர்னு நிஜ மழை வந்தா முற்றம் நிரம்பி உள்கட்டுக்கு ஏறும். அதுக்கு யார் பொறுப்பு?

மேல்மாடி கட்டர்:
வலையைப் பிடுங்க ஒரு ஆள் நிக்கணும். அந்த ஆளுக்குப் பேட்டா கொடுக்க மாட்டேங்கிறது சாரங்கட்டி மாதிரி கான்ட்ராக்ட் ஆளுங்கதான்.

சாரங்கட்டி:
பேட்டாவைப் பத்தி யார் பேசுறதுன்னு வெவஸ்தை இல்ல?