யூனிட் கன்ஸ்டிரக்ஷன்: ஓருறையா, ஒருகூடா, குடம்பையா?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். புல்லட் மோட்டார் சைக்கிளின் 350 சிசி எஞ்சின் 1949 முதல் இன்றுவரை எவ்வாறு மாறிவந்தது என்பதைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிஸ்டன், டேப்பெட், புஷ்ராடு ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். இடறுவது யூனிட் கன்ஸ்டிரக்ஷன் என்ற தொடர் மட்டுமே. எஞ்சினும் கியர்பாக்சும் ஒரே வார்ப்புக்குள் அமைவதைக் குறிக்கும் இச்சொல்லில்தான் கையேட்டின் இரண்டாம் பாதி நிற்கிறது. 'ஒற்றைக் கட்டமைப்பு எஞ்சின்' என்று எழுதிப் பார்த்தேன். படித்த என் தம்பி, ஒரு சிலிண்டர் எஞ்சினைச் சொல்கிறாயா என்று கேட்டான். புல்லட் எப்போதுமே ஒரு சிலிண்டர் வண்டிதான் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மையீர், 'ஓருறைப் பொறி' என்று எழுதுங்கள். உயிர் முதல் வரும்போது ஒரு என்பது ஓர் ஆகும். ஓர், உறை சேர்ந்து ஓருறை. எதிர்ச்சொல்லும் ஈருறை என்று தானாகவே கிடைத்துவிடுகிறது. எனினும் என் மனம் 'குடம்பை' என்ற சொல்லையே நாடுகிறது. உயிர் உடலை விட்டுப் போவதைச் சொல்லும் குறளில் வரும் இச்சொல்லுக்குப் பரிமேலழகர் முட்டை என்று பொருள் கொண்டார். கூடு என்று கொள்வாரும் உண்டு. எவ்வாறாயினும் உள்ளிருப்பதை முழுதும் தன்னுள் அடக்கிய ஓடு என்ற கருத்து அதில் இருக்கிறது. பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் வளைதண்டான கிராங்க் என்பதற்கு வணரி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த கோட்டைச் சங்கப் பாடல் வணர்கோடு என்கிறது. ஆகவே அதை அடக்கிய கிராங்க்கேஸ் வணரிக் குடம்பை ஆகும். நீங்கள் கேட்பது ஒருகுடம்பைப் பொறி ஆகும்.

மடல் 3: தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியை, கோயம்புத்தூர்

ஐயா, வகுப்பில் குடம்பை என்று சொன்னால் பையன்கள் குடத்தைத்தான் நினைப்பார்கள். உறை என்றாலும் தலையணை உறைதான் நினைவுக்கு வரும். கழற்றி மாட்டுவது உறை. இங்கே வார்ப்பே எஞ்சினின் உடல். அவர்கள் வேலைக்குச் சேரும் பட்டறையில் 'யூனிட் எஞ்சின்', 'காஸ்ட் அயர்ன் புல்லட்' என்றே பேசுகிறார்கள். நாம் ஆக்கும் சொல் அந்தப் பட்டறையின் வாசலைத் தாண்டுமா என்பதே என் கேள்வி.

மடல் 4: ஓய்வுபெற்ற பொறியாளர், திருவொற்றியூர்

அனைவருக்கும் வணக்கம். சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். ஈருறை, ஓருறை என்ற இரண்டே பெட்டிகளுக்குள் புல்லட் அடங்காது. அந்நாளைய பல பிரித்தானிய வண்டிகளில் கியர்பாக்ஸ் எஞ்சினைத் தொடாமல் தகடுகளுக்கிடையே தனியே நின்றது; எஞ்சினின் விசையைக் கியர்பாக்சுக்குக் கொண்டுபோகும் பிரைமரி சங்கிலி தளர்ந்தால் கியர்பாக்சையே பின்னுக்கு நகர்த்தி முறுக்கேற்றினார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த புல்லட்டில் கியர்பாக்ஸ் தனி வார்ப்புதான், ஆனால் கிராங்க்கேசின் முதுகோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. நகர்த்த வழியில்லாததால் சங்கிலிக்குக் கீழே அழுத்துகட்டை ஒன்று வைத்தார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்சின் கூட்டுறவில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, எங்கள் ஊருக்கு வந்ததும் இதே அமைப்புத்தான். ஆறு வோல்ட் பன்னிரண்டானது. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிடும் பாயிண்ட்டின் இடத்துக்கு மின்னணுப் பற்றவைப்பு வந்தது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத் துணையோடு வார்ப்பிரும்பு சிலிண்டருக்குப் பதில் அலுமினிய எஞ்சினும் வந்தது. அப்போதும் கியர்பாக்ஸ் தனி வார்ப்பாகவே முதுகில் தொங்கியது. அலுமினியம் என்றாலே யூனிட் என்று மாணவர்கள் எண்ணுவது இதனால் தவறு.

என்னுடைய சோதனை எளியது: எண்ணெயை எத்தனை இடத்தில் ஊற்றுகிறோம்? பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு ஒன்று, பிரைமரி சங்கிலிக் கூட்டுக்கு ஒன்று, கியர்பாக்சுக்கு ஒன்று என மூன்று. 2009இல் கிளாசிக் மாடலோடு பரவிய யூசிஇ, அதாவது யூனிட் கன்ஸ்டிரக்ஷன் எஞ்சினில் மூன்றுக்கும் பொது எண்ணெய். 350இன் 70 மி.மீ. சிலிண்டர் விட்டமும் 90 மி.மீ. பிஸ்டன் வீச்சும் அதில் மாறவில்லை, மாறியது கூடு. ஆகவே தனியே நிற்பதற்குத் தனியுறை, போல்ட் போட்டு இறுக்கியதற்குப் பிணையுறை, ஒரே வார்ப்புக்கு ஓருறை என்று மூன்று சொற்கள் வேண்டும்.

மடல் 5: தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியை

பொறியாளர் ஐயாவின் எண்ணெய்ச் சோதனையை நாளையே வகுப்பில் சொல்வேன். ஆனால் பிணை என்றதும் நீதிமன்றமே நினைவுக்கு வருகிறது. பிணையில் வெளிவந்த எஞ்சின் என்று பையன்கள் சிரிப்பார்கள். நீங்களே உங்கள் மடலில் 'மாறியது கூடு' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறைக்காரருக்கும் கூடு தெரியும். தனிக்கூடு, ஒட்டுக்கூடு, ஒருகூடு என்றால் என்ன?

மடல் 6: தமிழாசிரியர்

பிணைத்தல் கட்டுதலே, வழக்குமன்றம் அச்சொல்லைப் பின்னாளில் எடுத்துக்கொண்டதற்கு நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒருகூடு பெயராக நிற்கும்வரை சரி. பொறி சேர்ந்தால் ஒருகூட்டுப் பொறியாகும்; அப்போது கூட்டு என்பது பூசணிக்காய்க் கூட்டையும் குறிக்கும், கூட்டு முயற்சியையும் குறிக்கும். ஒட்டு என்பதும் பசையைக் குறிக்கும். போல்ட் போட்டதை ஒட்டு என்னலாமா?

மடல் 7: மொழிபெயர்ப்பாளர்

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். நால்வரில் மூவர் ஓருறை என்பதைத் தாங்கிக்கொள்வதாகத் தெரிகிறது. விரும்புவதாகச் சொல்ல முடியவில்லை. தனியுறை, பிணையுறை, ஓருறை என்றே எழுதுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பட்டறை வழக்கில் யூனிட் எஞ்சின்' என்று சேர்க்கிறேன். எண்ணெய்ச் சோதனைக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். 2023இல் புல்லட்டுக்கு வந்த புதிய எஞ்சினின் 72 மி.மீ. விட்டமும் 85.8 மி.மீ. வீச்சும் கடைசிப் பக்கத்தில் உள்ளன, அதுவும் ஓருறையே.

மடல் 8: தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியை

தேர்வில் ஒருகூடு என்று எழுதினாலும் நான் மதிப்பெண் போடுவேன். உதைத்துக் கிளப்பும்போது சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஸருக்கு என்ன எழுதினீர்கள், அம்மா?